கடைமடைக்கும் வரட்டும்: ஏ.என்.ஆர்.எஃப். நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமைச் செயல் அலுவலர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, புது தில்லி.

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். முனைவர் பட்ட மாணவர்களுக்கு கைடாகவும் இருக்கிறேன். உங்கள் நிறுவனத்தோடு எனக்குத் தனிப்பட்ட வழக்கு எதுவும் இல்லை. என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்வதை யாராவது ஒருவர் எழுதி அனுப்ப வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் உங்கள் நிறுவனத்தை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்ற தொகை ஒரு காரணம். இன்னொரு காரணம், மசோதா வந்த நாட்களில் அரசுத் தரப்பே எடுத்துச் சொன்ன கணக்கு. உங்களுக்கு முன்பு ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் வேலையைச் செய்துவந்த எஸ்.இ.ஆர்.பி. என்ற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்குப் போனது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது 11 சதவீதம்தான் என்றார்கள். நாட்டில் உள்ள சுமார் 40,000 உயர்கல்வி நிறுவனங்களில் ஆராய்ச்சி நடப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடங்களில் என்றும் சொன்னார்கள். குறையை அவர்களே இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதால், அதைச் சரிசெய்யத்தான் புதிய அமைப்பு வருகிறது என்று நம்பினோம்.

2024 பிப்ரவரி 5 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் தலைமையில் ஆளுகைக் குழு முதல்முறை கூடியது. அதற்கப்புறம் மின்வாகனத்துக்கு ஒரு பெரும் இயக்கம், இளம் ஆய்வாளர்களுக்குப் பிரதமர் பெயரில் ஒரு நிதி, பெரிய நிறுவனங்களோடு மாநிலப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'பேர்' திட்டம் என்று அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்துவிடும், கடைமடை விவசாயி மட்டும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நிற்பான். எங்கள் நிலை இப்போது அதுதான்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் அடிப்படை அறிவியல் ஆய்வுக்குச் சிறிய தொகையைக் கொடுங்கள். நிறைய பேருக்குக் கொடுங்கள். சொன்ன தேதிக்குக் கொடுங்கள். எங்களுக்குப் பெரிய தொகையைவிடத் தவறாமல் வரும் தொகைதான் பயன்படும்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படி என்ன அடிப்படை ஆய்வு நடந்துவிடப் போகிறது என்று தில்லியில் யாராவது கேட்டால், ஜி.என். ராமச்சந்திரன் பெயரைச் சொல்லுங்கள். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதலில் சி.வி. ராமனைத்தான் அழைத்தார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் சாம்பிள் கேட்டு வாங்கி வேலையை ஆரம்பித்தார் ராமச்சந்திரன். கங்காரு வால் தசைநாணில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படமும் உதவியது. 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் கொலாஜனின் அமைப்பை முன்வைத்தார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவம் என்று அடுத்த ஆண்டே அதைச் செப்பனிட்டார்கள். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வெளிவந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்பதை ஒரே வரைபடத்தில் காட்டினார். உலகம் முழுக்க அதற்கு 'ராமச்சந்திரன் பிளாட்' என்றுதான் பெயர். இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பைச் சர்வதேசத் தரவு வங்கியில் சேர்க்கும்போது, அது சரிதானா என்று பார்க்கும் சோதனைகளில் அந்த வரைபடமும் ஒன்று. இதெல்லாம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஒரு துணைவேந்தர் கொடுத்த நம்பிக்கையிலும் மிதமான வசதியிலும் நடந்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு இதனால் என்ன லாபம் என்று அன்றைக்கு யாரும் படிவத்தில் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கு ஒரு விஷயம் விநோதமாகத் தெரியும். படிக வளர்ப்பு, படிக வளர்ப்பு, மறுபடியும் படிக வளர்ப்பு. நான்-லீனியர் ஆப்டிகல் படிகம் (லேசர் ஒளியின் நிறத்தையே மாற்றக்கூடியது) என்றால் ஊருக்கு ஒருவர் இருப்பார். இந்தத் துறையில் நல்ல மரபும் நமக்கு உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் இதையே எடுப்பதற்குக் காரணம் ஆர்வம் மட்டும் இல்லை. பீக்கர், காய்ச்சி வடித்த நீர், இரண்டு உப்பு, வெப்பநிலை மாறாத ஒரு தொட்டி இருந்தால் போதும், கரைசல் மெதுவாக ஆவியாகிப் படிகம் வளர்ந்துவிடும். கரண்ட் போனாலும் பெரிய நஷ்டமில்லை. அப்புறம் அந்தப் படிகத்தைச் சின்ன டப்பாவில் போட்டு, பஞ்சு வைத்து, இரவு பஸ் ஏறிச் சென்னை ஐ.ஐ.டி.யின் பகுப்பாய்வுக் கருவிக்கூடத்துக்குப் போக வேண்டும். சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, ஸ்லாட்டுக்குக் காத்திருந்து, ரீடிங் வாங்கி வர வேண்டும். பல மாணவர்கள் அந்தக் கட்டணத்தைச் சொந்தக் கையிலிருந்துதான் கட்டுகிறார்கள்.

ஆக, எந்தக் கேள்வியை எடுத்து ஆராய்வது என்பதை எங்கள் ஊரில் பீக்கர்தான் முடிவு செய்கிறது. இதனால் ஒரே மாதிரிக் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றில் தரமில்லாதவையும் இருக்கின்றன, காசு கொடுத்தால் எதையும் போடும் இதழ்களில் வந்தவையும் இருக்கின்றன. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-ல்தான் கைவிட்டது. அதுவரை அந்த இதழ்களுக்கு நல்ல காலம். உங்கள் மதிப்பீட்டாளர்கள் எங்கள் புரபோசல்களைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சுளிப்போடு நிதியையும் நிறுத்தினால் அடுத்த பத்தாண்டும் பீக்கரே முடிவு செய்யும். கோட்பாட்டு இயற்பியலில் நல்ல மூளை உள்ள பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு நல்ல கணினி, கருத்தரங்குக்குப் போய்வரச் செலவு, மாதம் தவறாத உதவித்தொகை. ஐ.ஐ.டி. ஒன்றின் ஒரே கருவிக்கான பராமரிப்புத் தொகையில் இப்படி நாலைந்து பேரை வைத்து ஆய்வு நடத்தலாம்.

'பேர்' திட்டம் இதற்குத்தானே என்று நீங்கள் சொல்லலாம். சக்கரம் மாதிரி, பெரிய நிறுவனம் மையம், மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆரங்கள். யோசனை நல்லதுதான். ஆனால் ஆரமாகச் சேர்வதற்கே தேசியத் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். இணைவுக் கல்லூரிகள் பெரும்பாலும் படத்திலேயே இல்லை. தரவரிசையில் இடம் பிடிக்க ஆராய்ச்சி வேண்டும், ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும், நிதிக்குத் தரவரிசையில் இடம் வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தால் எங்கே போய் ஆரம்பிப்பது? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மையம்தான் தலைப்பைத் தீர்மானிக்கும். ஆரத்தில் இருப்பவர் அதில் ஒரு துண்டு வேலையை எடுத்துச் செய்வார். ராமச்சந்திரன் ஏதோ ஒரு மையத்துக்கு ஆரமாக இருந்திருந்தால் கொலாஜனைத் தொட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் எங்களுக்குப் பொருந்தும் இரண்டு திட்டங்கள் இருந்தன. 'டேர்' என்பது ஒன்று. கல்லூரி ஆசிரியர் தன் வேலையை விடாமல் பக்கத்தில் உள்ள பெரிய நிறுவனத்தில் போய் ஆய்வு செய்யலாம், தொகை இரண்டு இடத்துக்கும் பகிர்ந்து வரும். மற்றொன்று 2022-ல் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்றே வந்த 'ஷ்யூர்', மூன்றாண்டுகளுக்கு 30 லட்சம் ரூபாய் வரை. இந்த அளவும் இந்த அமைப்பும்தான் எங்களுக்குச் சரி. இவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள் என்று கேட்டால் தவறில்லையே. புதிய பெயர் வைக்க வேண்டும் என்றாலும் வையுங்கள், ஆட்சேபம் இல்லை.

உங்கள் நிறுவனத்துக்கு முன்மாதிரி என்று அடிக்கடி சொல்லப்படுவது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. 1950-ல் தொடங்கிய அந்த நிறுவனத்திலும் இதே குறை இருந்தது. பணம் சில மாநிலங்களுக்கே, சில பெரிய பல்கலைக்கழகங்களுக்கே போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்ட 1979-ல் 'எப்ஸ்கோர்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். குறைவாக நிதி பெறும் மாநிலங்களுக்கென்று தனியாக ஒதுக்குவது அதன் வேலை. 2022-ல் இயற்றிய ஒரு சட்டத்தில், நிறுவனத்தின் நிதியில் அந்த மாநிலங்களுக்கான பங்கை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தி 2029-க்குள் 20 சதவீதமாக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். அப்புறம் அந்த நிறுவனத்தின் நிதியையே பாதிக்கும் மேல் வெட்டப் பார்த்த கதை வேறு. அதை நாம் காப்பியடிக்க வேண்டாம். ஆனால் பங்கைச் சட்டத்திலேயே எழுதி வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் அப்படி ஒரு பங்கு குறியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், இணைவுக் கல்லூரி என்று பிரித்து, யாருக்கு எவ்வளவு போனது என்ற அட்டவணையை வெளியிடுங்கள்.

இப்போது பணம் வரும் முறை. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், மன்னிக்கவும். எங்கள் துறையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புராஜெக்ட் நடந்தது. நிதி கொடுத்தவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் தவணை வந்தது, மாணவி ஒருத்தி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தாள். அப்புறம் இரண்டாம் தவணைக்கு யூ.சி. (பணத்தைச் செலவழித்ததற்கான சான்று) அனுப்பினோம். ஆடிட்டர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, படிவத்தில் ஒரு தொகை பைசா கணக்கில் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம். இதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை நின்றது. வீட்டில் தங்கச்சி படிப்புக்கு அவள்தான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குப் போனாள். பாக்கித் தொகை கடைசியில் மொத்தமாக வந்து சேர்ந்தது, அவள் திரும்பி வரவில்லை.

2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். தொகையை 42,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். நல்ல தொகைதான். மாதம் முதல் தேதி வந்தால் இன்னும் நல்ல தொகை. எட்டு மாதம் கழித்து வரும் 37,000 ரூபாயை வைத்து ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு யாரும் பாக்கி சொல்ல முடியாது. ஆகவே, ஆய்வாளரின் உதவித்தொகையைக் கருவிச் செலவிலிருந்தும் யூ.சி.யிலிருந்தும் பிரித்துவிடுங்கள். வருகைச் சான்று ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு அவர்கள் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். கணக்கில் குறை இருந்தால் என்னைப் பிடியுங்கள், என் மாணவர்களின் சாப்பாட்டைப் பிடிக்காதீர்கள்.

வாங்கும் விதிகளிலும் ஒரு சிறு திருத்தம் தேவை. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் கொள்முதலுக்குத் தளர்வு தந்தது. அரசின் ஜெம் இணையச் சந்தை வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் போனது, கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. அறிவியல் உலகம் பல ஆண்டுகள் கேட்டு வாங்கிய தளர்வு, நன்றி. ஆனால் நாங்கள் மாநில அரசின் கீழ் இருப்பவர்கள். எங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்தது 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் சட்டம். உங்கள் பணத்தில் ஒரு லேசர் டையோடு வாங்க எந்த விதி பொருந்தும் என்று கேட்டால், துணிந்து பதில் சொல்ல அங்கே ஆளில்லை. யாருக்கும் தெரியாதபோது ஃபைல் நின்றுவிடும், அதுதான் அலுவலக தர்மம். பிறகு மார்ச் 31 வந்துவிடும், செலவழிக்காத பணம் போய்விடும். இதற்குப் பெரிய கமிட்டி எதுவும் வேண்டாம். நிதி ஒதுக்கும் ஆணையிலேயே எந்தக் கொள்முதல் விதி பொருந்தும் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் ஹெட் கிளார்க் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு ஃபைலை நகர்த்திவிடுவார்.

விண்ணப்பிக்கவே முடியாத ஒரு கூட்டமும் இருக்கிறது. எங்கள் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களில் கணிசமானவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், சிலர் நல்ல ஆய்வுக் கட்டுரைகளும் எழுதியவர்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் புராஜெக்ட் கேட்கலாம் என்பது பொதுவான விதி. அவர்களை நிரந்தரமாக்குவது உங்கள் கையில் இல்லை, தெரியும். துறையின் நிரந்தர ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க, அவர்கள் முதன்மை ஆய்வாளராகவே இருக்கலாம் என்று விதியைத் திருத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக அந்தப் பெரிய தொகைகளைப் பற்றி. உங்கள் 50,000 கோடியில் அரசின் பங்கு 14,000 கோடி, மீதி 36,000 கோடி தொழில்துறையிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. 2020–21 கணக்குப்படி நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு, உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம். அதில் தனியார் தொழில்துறையின் பங்கு சுமார் 36 சதவீதம். இதுவரை அவ்வளவுதான் கொடுத்த நிறுவனங்கள் திடீரென்று எண் கோட்பாட்டுக்கும் நட்சத்திரங்களின் நிறமாலைக்கும் காசு எடுத்து வைக்குமா? வைத்தால் சந்தோஷம். 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கும் உங்கள் ஆளுகைக் குழுதான் வழிகாட்டுகிறது. ஆனால் அது தனியார் துறைக்குப் பெரும்பாலும் நீண்ட காலக் கடனாகப் போவது. தொழில்நுட்பத் தயார்நிலை ஒன்று (அடிப்படை ஆய்வு) முதல் ஒன்பது (பயன்பாட்டுக்குத் தயார்) வரை என்றால், நான்காம் படியிலிருந்து மேலே இருப்பவற்றுக்கு. முதல் மூன்று படிகளில் ஏறுகிறவர்களை உங்களை விட்டால் கவனிக்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் புரபோசல் படிவத்தில் 'சமுதாயப் பயன்', 'தொழில் பயன்' என்ற பெட்டிகளைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. அடிப்படை ஆய்வு செய்பவர் அந்தப் பெட்டியில் பொய்தான் எழுத வேண்டியிருக்கிறது. புற்றுநோய், பசுமை ஆற்றல், குவாண்டம் கணினி இந்த மூன்றில் ஒன்றை எப்படியோ இழுத்து எழுதிவிடுகிறோம். மதிப்பீட்டாளருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அடிப்படை அறிவியல் பிரிவுகளின் படிவத்திலாவது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, 'இந்தக் கேள்விக்கு இன்னும் ஏன் விடை கிடைக்கவில்லை?' என்று கேளுங்கள். அதற்கு என்ன எழுதுகிறார் என்று பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இந்த மடலின் நகலைத் தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைக்கும் அனுப்புகிறேன். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. விதி. அதன்மேல் தேர்வுப் பணி, நாக் தர மதிப்பீட்டு வேலை, அட்மிஷன் வேலை எல்லாம் இருக்கிறது. புராஜெக்ட் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அதில் நாலு மணி நேரம் குறைக்க மாநில அரசு சம்மதித்தால், அந்த மணிகளுக்குக் கௌரவ விரிவுரையாளருக்குக் கொடுக்கும் தொகையைத் திட்டச் செலவிலேயே எடுக்க நீங்கள் அனுமதிக்கலாம். இரண்டு தரப்பும் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம் இது. தேதி குறித்தால், எங்கள் ஆசிரியர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் சொந்தச் செலவில் தில்லிக்கே வந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் அரசுக் கல்லூரி இயற்பியல் ஆசிரியர்